உயரம் யாருடையது?

பிறவியிலேயே வாய்த்த ஒரு சிறப்புக்காக மனிதரைப் புகழ்வது நியாயமா என்னும் வினா, மார்க்க அறிஞர்கள் நெடுங்காலம் விசாரித்து வந்த ஒன்றாகும். அழகும் குரலும் ஞாபகசக்தியும் சரீர பலமும் நாம் கேட்டுப் பெற்றவை அல்ல. அல்லாஹ் அருளிய நிஃமத்துகள். கேட்டுப் பெறாத ஒன்றுக்காக ஒருவருக்கு மாலை சூட்டலாம் என்றால், கேட்டுப் பெறாத ஒன்றுக்காக இன்னொருவரை இகழ்வதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதாகிவிடும்.

யாழ்ப்பாணத்து ஈவினைக் கிராமத்தில் 1979ஆம் ஆண்டு பிறந்து, வந்தாறுமூலையிலுள்ள நமது கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பயின்ற தர்ஜினி சிவலிங்கத்தின் வாழ்க்கையில் இவ்விரண்டும் நடந்தேறின. அவருடைய உயரம் 208 சென்ரிமீற்றர். சிறுபிராயத்தில் அவ்வுயரம் பரிகாசத்தைக் கொணர்ந்தது. பின்னர், 2009இலும் 2018இலும் அவர் ஆடிய இலங்கை வலைப்பந்தாட்ட அணி ஆசியக் கிண்ணத்தை வென்றபோது, அதே உயரத்தையே தேசம் கொண்டாடியது. இகழ்ந்தவர்களும் புகழ்ந்தவர்களும் பார்த்தது ஒன்றைத்தான். அவர் தம் பிரயத்தனத்தால் ஈட்டிய எதையும் அவர்களில் எவரும் உற்றுநோக்கியதாகத் தெரியவில்லை.

வலைப்பந்தாட்டத்தை அறிந்தவர்களுக்கு, உயரம் மட்டும் எவ்வளவு சொற்பமான காரியத்தைச் சாதிக்கும் என்பது விளங்கும். வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கூடைப்பந்தாட்டத்தில் உள்ளதுபோல் பின்னால் பலகை கிடையாது. ஆதலால் பந்து பலகையில் மோதித் திரும்பி உள்ளே விழ வழியில்லை, மணிக்கட்டின் கணக்கு ஒரு நூல் பிசகினாலும் வளையத்தின் விளிம்பு அதை வெளியே தள்ளிவிடும். பந்தைப் பிடித்தவர் அதை ஏந்திக்கொண்டு ஓடலாகாது. மூன்று விநாடிக்குமேல் வைத்திருக்கவும் கூடாது. எழுவரில் இருவருக்கே கோல் போடும் உரிமை உண்டு. ஆகவே வளையத்தடியில் நிற்கும் நெடியவரின் கைக்குப் பந்து வந்து சேர்வது மற்ற அறுவரின் கால்களாலும் கண்களாலுமேயாகும். 2019ஆம் ஆண்டு லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில், தம் நாற்பதாவது வயதில், தர்ஜினி 348 கோல்கள் போட்டார். அத்தொடரில் அவரைவிட அதிகமாகப் போட்டவர் எவரும் இலர். அப்படியிருந்தும் 16 அணிகளில் இலங்கை 15ஆவது இடத்தையே அடைந்தது. ஒருவருக்கு அருளப்பட்ட கொடை, அவரைச் சூழ்ந்தோரின் உழைப்பையும் தேர்ச்சியையும் கொண்டே முழுப் பயனை அடைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

இதற்கு மறுபுறத்தில் வைத்துப் பார்க்கத்தக்கவர் சீன தேசத்து வாங் பிங்யூ. ஐஸை மீன்பெட்டிகளில் மட்டுமே கண்டு பழகிய நம் கரையோரத்தாருக்கு அவருடைய கேர்லிங் விளையாட்டு அந்நியமானது: இருபது கிலோகிராம் வரை எடையுள்ள கருங்கல்லை ஐஸ்தரையில் வழுக்கவிட்டு, அதன்முன் தூரிகைகளால் தேய்த்து, தொலைவிலுள்ள வட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். இதற்கு நெடிய உடல் தேவையில்லை. கணிப்பும் பொறுமையுமே வேண்டும். அவர் தலைமையில் சீனப் பெண்கள் 2009இல் உலகப் பட்டத்தையும், 2010இல் வன்கூவர் ஒலிம்பிக்கில் வெண்கலத்தையும் வென்றனர். உயரம் புறத்தே தெரிகிறது, கணிப்பு தெரிவதில்லை. அதனாலேயே பின்னதை முழுக்க முழுக்கச் சுயசம்பாத்தியம் என்று எண்ணிவிடுகிறோம். கூரிய கண்ணும் நடுங்காத மனமும் கூட ஒருவர் கடையில் வாங்கியவை அல்லவே!

அப்படியானால் மனிதருக்குச் சொந்தமென்று என்னதான் எஞ்சுகிறது? மனிதர் தம் செயலைத் தாமே படைக்கிறார் என்று முஃதஸிலாக்கள் என்னும் பிரிவினர் வாதித்தனர். அவர்களிடமிருந்து பிரிந்துவந்த இமாம் அஷ்அரீ, செயலைப் படைப்பவன் அல்லாஹ்வே என்றும், மனிதர் அதைச் சம்பாதித்துக்கொள்கிறார் என்றும், அச்சம்பாத்தியத்துக்கே அவர் விசாரிக்கப்படுவார் என்றும் நிலைநாட்டினார். இமாம் கஸ்ஸாலியோ தமது இஹ்யா என்னும் நூலில், ஒரு நிஃமத்தை அது எதற்காக அருளப்பட்டதோ அதில் பிரயோகிப்பதையும் நன்றியின் ஓர் அங்கமாக விளக்குகிறார். நன்றி செலுத்தும் மனமும் இன்னொரு கொடைதானே, அதற்கு எப்படி நன்றி செலுத்துவேன் என்று ஒரு நபி இறைவனிடம் திகைத்துக் கேட்டதாகவும், அதை உணர்ந்ததே நன்றியாயிற்று என்று பதில் கிடைத்ததாகவும் அவர் எடுத்துரைக்கும் வரலாறு, என் மனத்தை முற்றாக ஆட்கொண்டதாகும். கணக்கு அங்கே முடிகிறதென்றே நான் நம்புகிறேன். புகழும் இகழும் உயரத்துக்கு உரியன அல்ல. உயரம் ஓர் அமானிதம், நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள்.

நம் கரையோர ஊர்களான மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் வகுப்புப் படங்களைப் பார்த்தால், பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை முழங்காலைச் சற்று மடித்து, தோள்களை ஒடுக்கிக்கொண்டு நிற்பதைக் காணலாம். "கொஞ்சம் குனிஞ்சு நில்லு மகள்" என்று உம்மா சொல்லிச் சொல்லி வளர்த்த பழக்கம் அது. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற கவலையில், அன்பினால் சொன்னதுதான். ஆயினும் அமானிதத்தை ஒளித்துவைக்கக் கற்பிக்கும் பேச்சு அது. அந்தப் பிள்ளை வலைப்பந்தாடத்தான் வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அவள் கணிதம் கற்பிக்கலாம், மருத்துவம் பார்க்கலாம், வாப்பாவின் கடைக்கணக்கை எழுதலாம். ஆனால் அந்த முழங்காலை நிமிர்த்தும் பொறுப்பு உம்மாவுக்கும் வாப்பாவுக்கும், படத்துக்கு வரிசை அமைக்கும் ஆசிரியைக்கும் உரியது.