நின்றவனா, நிறுத்தப்பட்டவனா?

கல்லூரி திறந்த நாளில் வருகைப் பதிவேட்டில் ஏறிய பெயர், மூன்றாண்டு கழித்துப் பட்டச் சான்றிதழிலும் ஏறுகிறதா? இடையிலே விடுபட்டுப் போனால், விட்டவர் யார், விடப்பட்டவர் யார்? கல்வராயன் மலையைக் கண்முன் நிறுத்திக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறோம்.

கள்ளக்குறிச்சியை விட்டுக் கச்சிராயபாளையம் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதையிலே பெரியார் பெயரால் ஓர் அருவி உண்டு. மேலே வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தார் என்று எண்ணிவிட வேண்டாம். மலையை ஆள்பவன் மலையாளி என்று பொருள் சொல்வோரும் உளர். ஆயினும் ஆண்டவர் என்னவோ ஜாகிர்தார்கள்தாம்! நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் உருண்டோடிய பிறகு, 1976இல்தான் அந்த ஆட்சி ஒழிந்தது. அந்த மண்ணிலிருந்து ஓர் இளைஞன் கல்லூரிப் படியேறுகிறான் என்றால், அவன் வீட்டில் அந்தப் படியை மிதித்த முதற்கால் பெரும்பாலும் அவனுடையதே. செமஸ்டர் என்றால் என்ன, அரியர் வந்தால் என் செய்வது என்று கேட்க, வீட்டிலே அண்ணனும் இல்லை, அக்காளும் இல்லை.

அவனை வாயில்வரை அழைத்துவர அரசு முயலாமல் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் கல்லூரி சேராதவரைத் தேடிப்பிடிக்கிறார்கள். 2022இல் புதுமைப் பெண், 2024இல் தமிழ்ப் புதல்வன் என்று திங்கள்தோறும் 1000 ரூபாய் தருகிறார்கள். மனமாரப் பாராட்டுகிறோம். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நம் சேர்க்கை விகிதம் 47, இந்தியாவுக்கு 28.4. பெருமைதான். ஆனால் அது சேர்ந்தவர் கணக்கு; முடித்தவர் கணக்கு அன்று.

முடிக்காதவர் கணக்கு ஒன்றும் உண்டு. 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் மத்திய அரசே தந்தது. மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். ஆகியவற்றிலிருந்து ஐந்தாண்டுகளில் வெளியேறிய பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்பட்டோர் 13,626 பேர்! மாணவர்கள் விரும்பி வேறிடம் மாறுகிறார்கள் என்ற விளக்கமும் கூடவே வந்தது. இருக்கலாம். விரும்பிப் போனவர் எத்தனை பேர், வெந்து போனவர் எத்தனை பேர்? போனவர் பின்னே எவரேனும் போய்ப் பார்த்திருந்தாலன்றோ அதைச் சொல்ல முடியும்!

'இடைநிற்றல்' என்கிறோம். எவ்வளவு வசதியான சொல்! நின்றவன் அவன், நமக்கென்ன? முன்பு தலையெழுத்து என்றார்கள், இன்று தகுதி என்கிறார்கள். இரண்டிலும் குற்றம் தாழ்ந்து கிடந்தவன் தலையிலேதான். வின்சென்ட் டின்டோ என்னும் அமெரிக்க அறிஞர் 1975இல் வேறு விதமாகப் பார்த்தார்: மாணவனுக்கும் கல்லூரிக்கும் இடையே பிணைப்பு அறுவதே வெளியேற்றத்துக்கு வழி என்றார். கயிற்றுக்கு இரு முனை உண்டல்லவா?

ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் அந்த மறுமுனையைப் பற்றியது. சிறு கட்டணப் பாக்கிக்காகப் பெயர் நீக்கப்பட இருந்தவர்க்குச் சிறு தொகை கொடுத்து நிறுத்திக்கொண்டது. 2012 முதல் ஒவ்வொரு மாணவரின் தடுமாற்றத்தையும் அன்றாடம் கண்டு, உடனே அழைத்துப் பேசியது. 2003இல் 32 விழுக்காடாக இருந்த பட்டத் தேர்ச்சி பின்னர் 50ஐக் கடந்தது.

கண்காணிப்பு என்றதும் கைதட்டிவிட வேண்டாம். மேரிலாந்தில் மவுண்ட் செயின்ட் மேரீஸ் பல்கலைக்கழகத் தலைவர் ஒருவர், புதிய மாணவர்க்கு வினாத்தாள் கொடுத்து, தேறமாட்டார் என்று தோன்றுவோரை, கணக்கெடுக்கும் நாளுக்கு முன்பே வெளியே அனுப்பத் திட்டமிட்டார். நிலைத்தோர் விழுக்காடு உயருமாம்! 2016இல் செய்தி வெளிவந்து, அவர் பதவி விலகினார். அதே ஏடு, அதே கணக்கு. ஒன்று கை கொடுத்தது, மற்றொன்று கழுத்தைப் பிடித்துத் தள்ளப் பார்த்தது.

வயது வந்தவனைப் பின்தொடர்வது அவன் உரிமையிலே தலையிடுவது ஆகாதா என்று நண்பர் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவனைப் பற்றி எழுதுவதை அவனும் படிக்க இயலவேண்டும். தண்டிக்கவோ, சாதியைச் சுட்டிக் குத்தவோ அது பயன்படலாகாது. இந்த இரண்டும் இல்லாத ஏட்டை நாமும் எதிர்ப்போம். ஆனால் தனித்து விடுவதே உரிமை என்றால், மலைமேல் இருந்தவர்களை நெடுங்காலம் தனித்துத்தான் விட்டிருந்தோம்!

பெயரை நீக்க இப்போது வழி தெளிவாக இருக்கிறது: வருகை 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வு இல்லை, தேர்வு இல்லையேல் அரியர், அரியர் குவிந்தால் அவனே வரமாட்டான். கேட்க வழி எங்கே? இரண்டு வாரம் வராதவன் காய்ச்சலில் கிடக்கிறானா, தகப்பனோடு வெளிமாநிலத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனானா, சாதிச் சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் காத்து நிற்கிறானா? ஆசிரியர் ஒருவர் வெள்ளிமலைப் பேருந்தில் ஏறிப்போய்க் கேட்டுவந்தால் தெரிந்துவிடும். அதற்கான பயணப்படி எந்தக் கணக்குத் தலைப்பிலே வரும் என்பதை நிதித்துறையார் தேடிச் சொல்லட்டும்.