அவசரம் யாருடையது?

ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தின் மேல் வெகு காலமாக ஒரு குறை சொல்லப்பட்டு வருகிறது. ஒரு கடிதம் போய்ச் சேரவில்லை, அதனால் இரண்டு உயிர் போகிறது. தற்செயலை நம்பி நிற்கும் கதையைப் பெரிய துன்பியல் என்று எப்படிச் சொல்வது என்று கேட்பார்கள். கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: சிறுசுகளுக்கு அவசரம், கொஞ்சம் பொறுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும்.

ஓசூரில் குடியிருந்துகொண்டு அந்த நாடகத்தைப் படிக்கும் எனக்கு இந்த இரண்டு பேச்சும் ஒட்டவில்லை.

அவசரத்தையே முதலில் பார்ப்போம். ஷேக்ஸ்பியருக்கு மூலமாக இருந்தது ஆர்தர் புரூக் என்பவர் 1562-இல் வெளியிட்ட நெடும்பாட்டு. அதில் கதை மாதக் கணக்கில் நடக்கிறது. முகவுரையில் புரூக், பெற்றோர் சொல் கேளாத பிள்ளைகளுக்கு இது ஒரு பாடம் என்று கண்டிப்பாகவே எழுதிவிட்டார். ஷேக்ஸ்பியர் அந்தக் கண்டிப்பைத் தொடவில்லை. மாதங்களை ஐந்து நாட்களாகச் சுருக்கினார்; பதினாறு வயதுப் பெண்ணைப் பதின்மூன்று வயதினள் ஆக்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கும் கதை வியாழன் விடியலில் முடிந்துவிடுகிறது.

காதலர்கள் அவசரக்காரர்கள்தாம், நான் மறுக்கவில்லை. ஞாயிறு காலையில் வேறொருத்தியை நினைத்துப் பெருமூச்சு விட்ட பையன், திங்கள் பிற்பகலில் ஜூலியட்டுக்குக் கணவனாகிவிடுகிறான். பதின்மூன்று வயதில் கல்யாணம் கூடாது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தந்தை கபுலெட்டின் நாட்குறிப்பையும் சற்றுப் புரட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை, பெண் கேட்டு வந்த பாரிஸிடம் இன்னும் இரண்டு வருஷம் போகட்டும் என்கிறார். பெண்ணின் சம்மதம்தான் பிரதானம், என் விருப்பம் அதற்குப் பின்புதான் என்றுகூடச் சொல்கிறார். எவ்வளவு நல்ல தகப்பன்! திங்கள் இரவு, பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வியாழக்கிழமை கல்யாணம் என்று முடிவு செய்கிறார். செவ்வாய்க்கிழமை அதையும் மாற்றிப் புதனுக்கு இழுத்துவிடுகிறார். பெண் என்ன கேட்கிறாள்? ஒரு மாதம், இல்லாவிட்டால் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள் என்று தாயிடம் மன்றாடுகிறாள். பொறுத்திருக்கலாம் என்று சொல்பவள் அந்தச் சிறு பெண். பொறுக்க முடியாதவர் பெரியவர்.

கடிதத்தின் கதையும் இதில்தான் அடங்கியிருக்கிறது. புதன் இரவு குடிக்கச் சொன்ன மருந்தை, கல்யாணம் ஒரு நாள் முன்னால் வந்துவிட்டதால், அவள் செவ்வாய் இரவே குடிக்க நேர்கிறது. மாந்துவா நகரத்துக்குக் கடிதம் கொண்டு போக வேண்டிய துறவியைக் கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். 2020-இல் இ-பாஸ் இல்லாமல் ஜூஜூவாடியிலும் அத்திப்பள்ளியிலும் தவித்து நின்றவர்களுக்கு இதில் நம்ப முடியாதது ஒன்றுமில்லை. போகட்டும், நோய் தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாள் குறைந்தது தற்செயலா?

என்னைக் கேட்டால், அந்த நாடகத்தில் போய்ச் சேராத பெரிய செய்தி மாந்துவாவுக்குப் போக வேண்டியதன்று. மாடியறையிலிருந்து கூடத்துக்குப் போக வேண்டியது. நம் பழைய அகப்பாட்டுக்காரர்கள் இதற்கு ஒரு துறையே வகுத்து வைத்திருக்கிறார்கள்: அறத்தொடு நிற்றல். தலைவியின் மனத்தைத் தோழி செவிலிக்குச் சொல்வாள். செவிலி நற்றாய்க்குச் சொல்வாள். நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் உணர்த்துவாள். காதலைப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்வதற்கு அறம் என்று பெயரிட்ட மொழி நம்முடையது. ஜூலியட்டுக்கும் ஒரு செவிலி உண்டு. தூது போனவள், நூலேணி கொண்டு வந்து கொடுத்தவள் அவள்தான். சொல்ல வேண்டிய நேரத்தில் அவள் வாய் திறக்கவில்லை. பாரிஸையே கட்டிக்கொள் என்று புத்தி சொல்கிறாள். சொல்லியிருந்தால் கபுலெட் கேட்டிருப்பாரா? ஞாயிறு இரவு விருந்தில் ரோமியோவைக் கண்டு கொதித்த மருமகனை அடக்கி, அவன் நல்ல பிள்ளை என்று ஊரே சொல்கிறது என்றவர் அவர்தான். கத்தி எடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் இடமிருந்தது.

இனி என் ஊருக்கு வருகிறேன். 1970களில் சிப்காட் வந்த பிறகு ஓசூர் வேறு ஊராகிவிட்டது. ஷிப்டு முடிந்து வெளியே வரும் பிள்ளைகளிடம் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கின்றன. கிராமத்தில் தனித்தனித் தெருவில் பிறந்தவர்கள் இங்கே ஒரே பஸ்ஸில் ஏறுகிறார்கள். அரை மணியில் எல்லை தாண்டிவிடலாம். ஊரைவிட்டு வந்துவிட்டால் ஊர் நம்மை விட்டுவிடும் என்று அவர்கள் எண்ணுவதில் என்ன தவறு?

ஒரே கிராமத்தைச் சேர்ந்த ஒரு பையனும் பெண்ணும் 2018-இல் மணந்துகொண்டு ஓசூரில் குடித்தனம் செய்தார்கள். பையன் தலித், பெண் வேறு சாதி. பதின்மூன்று வயதுக் குழந்தைகள் இல்லை. சட்டப்படி வயது வந்தவர்கள், உழைத்துப் பிழைத்தவர்கள். மணமாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. நவம்பரில் அவர்களைக் காரில் கொண்டு போனார்கள். எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தில், சிவனசமுத்திரத்துக்கு அருகே காவிரியில் இரண்டு உடல்கள் கிடைத்தன. பையனின் பனியனில் அம்பேத்கர் படமும் ஊர்ப் பெயரும் அச்சிட்டிருந்ததால்தான் யார் என்று தெரிந்தது. பெண்ணின் தந்தையும் உறவினர்களும் கைதானார்கள். அதே ஆண்டு மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவரின் திருமணத்தில் தலையிட எவருக்கும் உரிமையில்லை என்றும், அச்சுறுத்தப்படும் தம்பதியருக்குப் பாதுகாப்பு இல்லங்கள் அமைப்பது பற்றி அரசுகள் ஆலோசிக்க வேண்டும் என்றும் சக்தி வாகினி வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தது.

இந்த நிகழ்ச்சியில் எந்தக் கடிதமும் தவறவில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. அதனால்தான் ஷேக்ஸ்பியரின் கதையை இங்கே அளவுகோலாக வைக்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவருடைய தகப்பன் பெண்ணை வீதியில் தள்ளுவேன் என்று மிரட்டினார். அதற்கு மேல் போகவில்லை. பிணத்தைக் கண்டதும் பகையை விட்டார். மருமகளாக வாழ வராதவளுக்கு ரோமியோவின் தந்தை பொன்னால் சிலை வைப்பதாகச் சொன்னார். அந்தச் சிலை எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. உயிரோடு இருந்தபோது வாசற்படி ஏற முடியாதவளுக்குப் பொன் எதற்கு?

செவிலியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தலித் பெண்ணை மணந்த பேரனையும் அவன் மனைவியையும் ஒரு பாட்டி தம் வீட்டில் சேர்த்துக்கொண்டார். 2023 ஏப்ரலில் பேரனும் பாட்டியும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தப் பெண் பலத்த காயங்களோடு உயிர் தப்பினாள். கைதானவர் பையனின் தந்தை. அந்தப் பாட்டி பெற்ற மகன்.