சொரசொரப்பு ஒரு நோயா?

மயிர்க்கால்களின் வாயில் கெரட்டின் என்னும் புரதம் திரண்டு அடைத்துக்கொள்வதால் வரும் சொரசொரப்புக்குக் கெரட்டோசிஸ் பைலாரிஸ் என்று பெயர். மேல்கையும் தொடையும் தொட்டால் உப்புத்தாள் போலிருக்கும். சிலருக்குப் புள்ளிகளைச் சுற்றிச் சிவப்போ பழுப்போ படரும். வலி கிடையாது, பிறருக்குத் தொற்றாது. குடும்பவழி வருவது, வளரிளம் பருவத்தினரில் பாதிப் பேருக்காவது இருப்பதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. வயது ஏற ஏறப் பலருக்குத் தானாகவே குறைகிறது. இத்தனை பேருக்கு உள்ளதை, யாருக்கும் கெடுதல் செய்யாததை, நோய் என்று சொல்லலாமா?

அமெரிக்கத் தத்துவ அறிஞர் கிறிஸ்டோபர் பூர்ஸ் 1977இல் ஓர் அளவுகோலை முன்வைத்தார். ஓர் உறுப்பு தன் இனத்துக்கு இயல்பான திறனைவிடக் குறைவாக இயங்கினால் அது நோய். விருப்பு வெறுப்புக்கு அங்கே இடமில்லை. கேட்பதற்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இயல்பு எது என்பதைப் பெரும்பான்மையை வைத்து முடிவு செய்தால், பெரும்பான்மையிடம் காணப்படும் குறை நோய்ப் பட்டியலிலிருந்து நழுவிவிடும். பல்சொத்தை போன்ற பரவலான நோய்கள் தம் கொள்கைக்குச் சிக்கல் தருவதைப் பூர்ஸே ஒப்புக்கொண்டார். தோலின் சொரசொரப்பும் அந்த வரிசையில் சேர்வதுதான்.

பிரான்சின் ஜார்ஜ் காங்கிலெம் 1943இலேயே வேறு முனையிலிருந்து தொடங்கியிருந்தார். சராசரிக் கணக்கிலிருந்து நோய் பிறப்பதில்லை. முதலில் ஒரு மனிதர் தமக்கு முடியவில்லை என்று உணர்கிறார், அதனால்தான் மருத்துவம் என்ற ஒன்றே இருக்கிறது என்பது அவர் வாதம். இதை ஏற்றால், அரைக்கைச் சட்டை போடத் தயங்கும் பெண்ணின் கூச்சத்தையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். அந்தக் கூச்சத்தைத் தந்தது தோலா, வழவழப்பான தோலை விளம்பரப்படுத்தும் சந்தையா என்பதைப் பிரித்துச் சொல்லக் காங்கிலெமின் அளவுகோலால் இயலவில்லை. அவர் பக்கமே வலுவானது என்றாலும் இந்த ஓட்டை சிறியதன்று.

சிகிச்சை என்று வரும்போது கேள்வி கூர்மையாகிறது. யூரியா, லாக்டிக் அமிலம், ரெட்டினாய்டு கலந்த கிரீம்கள் அடைப்பைத் தளர்த்தும்; பூசுவதை நிறுத்தினால் சொரசொரப்பு திரும்பும். ஒளிச் சிகிச்சை பிரச்சினையின் வேறு பகுதியையும் தொடுகிறது. 595 நானோமீட்டர் அலைநீள லேசரின் ஒளியை ரத்தக் குழாய்கள் உறிஞ்சுவதால் சிவப்பு தணியும். 810 நானோமீட்டர் டயோடு லேசர் சொரசொரப்பைக் குறைத்தாலும் சிவப்பை அவ்வளவாக மாற்றுவதில்லை. கிரீமையும் 595 நானோமீட்டர் லேசரையும் சேர்க்கும் யோசனை இங்கிருந்து வருகிறது: கிரீமுக்கு அடைப்பு, ஒளிக்கு நிறம்.

ஆனால் கருநிறத் தோலில் மெலனின் என்னும் நிறமியும் லேசர் ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. அளவு தவறினால் தோல் வெந்து, கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். அமிலக் கிரீமால் ஏற்கெனவே எரிச்சலடைந்த தோலுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். உயிருக்கு ஆபத்தான நோயென்றால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். இங்கோ, தீங்கற்ற ஒன்றை நீக்கப் போய்த் தீங்கை வரவழைக்க நேரலாம். ஆகவே இது நோயா என்பதற்கு விடை கிடைக்காவிட்டாலும், சொரசொரப்பு திரும்பி வரும் என்பதையும் தழும்பு விழலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லாமல் லேசரை இயக்குவதற்கு நியாயம் இல்லை.