அணியும் உண்மையும்

மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவருக்கு டி.என்.ஏ. மூலக்கூற்றின் வடிவிலமைந்த வெள்ளிப் பதக்கம் ஒன்று பரிசாகக் கிடைக்கின்றது எனக் கொள்வோம். கொடுத்தவர் பெற்றோராகலாம், அவர் கையால் நோய் நீங்கிய ஒருவராகவும் இருக்கலாம். பதக்கத்தின் இழைகள் இடஞ்சுழியாக முறுக்கப்பட்டுள்ளன. உயிர்க் கலங்களிலுள்ள டி.என்.ஏ.யோ பெரும்பாலும் வலஞ்சுழியானது. சாதாரணத் திருகாணி ஒன்றை அருகே வைத்து நோக்கினாற் பிழை புலப்படும். பதக்கத்தைப் புரட்டி அணிவதாற் பயனில்லை. சுருளியின் திசை புரட்டுவதால் மாறுவதன்று. இடஞ்சுழி வடிவமொன்றும் உண்டென்பது 1979 இல் வெளிப்பட்டது உண்மையே. எனினும், பொற்கொல்லர் அதனைக் கருத்திற் கொண்டே இதனைச் செய்தாரென எவரும் வாதிடப்போவதில்லை. பரிசைப் பெற்றவர் இப்பிழையை எடுத்துரைக்கலாமா?

அணிகலன்தானே, அதில் உண்மை பொய் என்ற பேச்சு எதற்கு என்பது பலர் கூறும் விடை. தாமரைப் பதக்கத்தின் இதழ்களை யார் எண்ணிப் பார்க்கின்றனர்? ஆனால் தாமரையை யாவரும் குளத்திற் கண்டிருக்கின்றனர். பதக்கம் பிழைத்தாலும் பூவைப் பற்றிய அறிவு பிழைபடுவதில்லை. மூலக்கூற்றை வெறுங்கண்ணாற் கண்டவர் எவருமிலர். பதக்கத்தின் மூலமே அதனை முதன்முதலில் அறிபவர் உளர். அதனை அணிந்திருப்பவர் மருத்துவராயின், அவர் விரும்பினும் விரும்பாவிடினும் அவ்வடிவத்திற்குச் சாட்சியாகின்றார்.

இங்ஙனம் கூறுவது, அணியில் முழுமையான அறிவு அடங்கியிருத்தல் வேண்டும் என்பதாகாது. 1951 இல் நடைபெற்ற பிரித்தானிய விழாவை எண்ணிப் பார்க்கலாம். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பளிங்கியலாளர் ஹெலன் மெகோவின் யோசனையிலிருந்து பிறந்த முயற்சியின் பயனாக, எக்ஸ்-கதிர் ஆய்விற் கிடைத்த கோலங்களைக் கொண்டு 28 உற்பத்தியாளர்கள் துணிகளையும் சுவர்த்தாள்களையும் கோப்பைகளையும் உருவாக்கினர். தேம்ஸ் நதியின் தென்கரையிலிருந்த உணவகமொன்று அவற்றால் அலங்கரிக்கப்பட்டது. இன்சுலினுக்குரிய கோலமும் அவற்றுள் ஒன்று. அது நிலப்படத்துச் சமவுயரக் கோடுகளை ஒத்திருந்தது. இன்சுலினின் அணுக்கள் முப்பரிமாணத்தில் எவ்வாறு அமைந்துள்ளன என்பது அன்று தெரியாது. டொரதி ஹொட்ஜ்கினின் குழுவினர் அதனை வெளிக்கொணர்ந்தது 1969 இலேயாகும். ஆகவே அச்சுவர்த்தாளிற் காணப்பட்டது அரைகுறை அறிவு. ஆனாற் பொய்யன்று, ஆய்வு தந்ததற்கு மேலாக அக்கோலம் எதனையும் சொல்லவில்லை.

இதற்கு நேர்மாறானது செரட்டோனின் கழுத்தணி. அதன் வளையங்களும் பிணைப்புகளும் பிழையின்றி அமைந்திருக்கலாம். ஆனால் அது 'மகிழ்ச்சி' என்ற பெயரோடு விற்கப்படுகின்றது. உடலிலுள்ள செரட்டோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில் உள்ளது; குருதி உறைதலிலும் அதற்குப் பங்குண்டு. மனத்துயரால் வருந்தும் ஒருவர் தம் மருத்துவரின் கழுத்தில் இவ்வணியைக் காண்பாராயின், தம் துயர் ஒரு பொருளின் குறைவு மட்டுமே என்று எண்ண இடமுண்டு. இடஞ்சுழிப் பதக்கத்தால் எவருக்கும் நோவில்லை. இதனால் நோவுண்டு, வடிவம் சரியாயிருப்பதே இப்பொய்க்கு வலுவூட்டுகின்றது.

இனி, பரிசு கொடுத்தவரின் மனம். அவரது நன்றி பொய்யானதன்று. அதனைப் பெறும் வேளையிலேயே பிழை காட்டுவது பண்பாகாது. எனினும் என்றென்றைக்கும் மௌனம் காப்பதைக் கருணை எனக் கொள்ளுதல் கடினம். கேட்க விரும்பாத செய்திகளை நோயாளர் தாங்கிக்கொள்வர் என நம்பி நாள்தோறும் உரைப்பவர், தமக்கு வேண்டியவர் ஒரு சுருளியின் திசையைத் தாங்கமாட்டார் எனக் கருதுவாராயின், அவரைச் சிறுபிள்ளையாகவே மதிக்கின்றார். பதக்கத்தைக் கழற்ற வேண்டிய தேவையுமில்லை. அதனை அணிந்தவாறே, மற்றொரு நாள், திருகாணி ஒன்றைக் கையிலெடுத்துக் காட்டிச் சிரித்துப் பேசலாம்.