நாணமும் நோயும்

அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என நான்கினையும் ஒருங்கு வைத்துப் பெண்மைக்கு அணியென எண்ணுதல் எம்மிடையே நெடுநாளைய மரபு. அவற்றுள் நாணம், உடையவரின் உயிரையே வாங்கும்போதும் அதனை அறமெனப் போற்றுதல் தகுமா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா. இவ்வினா ஏட்டிலிருந்து பிறந்ததன்று. கிரானில் எமது வீட்டு முற்றத்திலே பிறந்தது.

என் தாயின் தமக்கையாருக்கு மார்பில் ஒரு கட்டி தோன்றியது. தொடக்கத்தில் அது நோகவில்லை. நோகாத கட்டியைப் பெரிதுபடுத்துவானேன் என்று அவர் இருந்துவிட்டார். ஐயம் எழுந்தபோதோ எவரிடம் சொல்வதெனக் கூசினார். கணவரிடமும் சொல்லவில்லை, பெற்ற மகளிடமும் சொல்லவில்லை. ஏறத்தாழ ஓராண்டு கழிந்து, கட்டி புண்ணாகிய பின்னரே வீட்டார் அறிந்தனர். அதன்பின் மருத்துவம் செய்தும் பயன்படவில்லை. செத்தவீட்டிற்கு வந்தோர், “எவ்வளவு அடக்கமான பெண், கடைசிவரை ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்கவில்லை” எனப் புகழ்ந்தனர். அப்புகழுரை இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது.

திருக்குறளில் நாணுடைமை என்றோர் அதிகாரம் உண்டு. அதன் முதற் குறளிலேயே வள்ளுவர் ஒரு வேறுபாட்டை நிறுவிவிடுகின்றார். தகாத செயல் குறித்து நாணுவதே நாணம். மகளிர்க்கு இயல்பான கூச்சம் அதனின் வேறானது. ஆகவே, அறமாகிய நாணம் செயலைப் பற்றியது. நோயோ ஒருவர் செய்த செயலன்று. மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாவோருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம், பெண்ணாய்ப் பிறந்தமையும் 40 வயதைக் கடந்தமையும் தவிர வேறு ஆபத்துக் காரணி எதுவும் காணப்படுவதில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. தாம் செய்யாத ஒன்றிற்கு ஒருவர் நாணுவது எங்ஙனம் அறமாகும்?

நாணத்தின் பின்னே அச்சமும் உண்டு. மார்பகத்தை இழக்க நேருமே என்ற அச்சம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டெட் வகுத்த சத்திரசிகிச்சை, மார்பகத்தையும் அதன் அடியிலுள்ள தசையையும் ஒருங்கே அகற்றுவதாய் இருந்தது. ஆயின், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்ச்சிகிச்சை அளித்தாலும், தக்க நோயாளர் அதே அளவு உயிர் பிழைப்பர் என்பதை பேர்னாட் ஃபிஷர் குழுவினர் 1985இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கட்டி சிறிதாயிருக்கும் காலத்தே இவ்வாய்ப்பு மிகுதி. எனவே மார்பகத்தைக் காக்கவென்று பூணும் மௌனமே அதனை இழக்கச் செய்கின்றது. பல வேளைகளில் உயிரையும் இழக்கச் செய்கின்றது.

மார்பகத்தை இழக்கவே நேரினும் அதனால் பெண்மை குறையுமா? மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் வைகாசி தோறும் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி நிகழ்கின்றது. கண்ணகி வழக்குரை பாடப்படுகின்றது. நீதி வேண்டித் தன் மார்பைத் திருகி எறிந்தவளைத் தெய்வமென்று வணங்கும் மண் இது. அவளது சினம் வேறு, நோயாளியின் துயர் வேறு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், ஒரு மார்பிழந்தவளைத் தாயென அழைத்துக் கைகூப்பும் நாம், சிகிச்சையில் மார்பிழந்த அயல்வீட்டுப் பெண்ணைக் குறையுடையவளாய் நோக்குதல் முரண் அன்றோ?

இங்கே ஒரு தடை எழலாம். “அவர் காலம் தாழ்த்தியது அவர் பிழையே, உடலைப் பேணுதல் தமக்குத் தாம் செய்யும் கடமையன்றோ?” என்பர். கடமைதான். ஆயின் தன் பசியைக் கடைசியாக எண்ணுமாறு ஒரு பெண்ணைப் பழக்கிவிட்டுத் தன் நோயை ஏன் முதலில் எண்ணவில்லை என்று கேட்பது நீதியன்று. இந்நாட்டில் 1996 முதல் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் நடைபெறுகின்றன; 35 வயதடைந்த பெண்கள் அங்கு மார்பகப் பரிசோதனையைக் கட்டணமின்றிப் பெறலாம். ஆனால், மாரியில் கிரான் – புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்கும்போது, அப்பாலுள்ளோர் தோணியேறியே இப்பால் வருதல் வேண்டும். வழியும் துணையும் இல்லாதவரைக் குற்றஞ்சாட்டுதல், நோயின் மேல் மற்றுமொரு நாணத்தைச் சுமத்துவதேயாகும்.

இறுதியாக ஒன்றை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். கிணற்றடியில் பெரியம்மா வலக்கையை உயர்த்த இயலாது இடக்கையால் வாளியைப் பற்றியதை நான் ஒருநாள் கண்டேன். யாதென்று வினவ நா எழுந்தது. ஆண்பிள்ளை கேட்பது முறையன்று எனக் கருதி வாளாவிருந்தேன், தாயிடமும் கூறவில்லை. வள்ளுவர் வகுத்த அளவுகோலின்படி பெரியம்மா நாணுதற்கு யாதொன்றும் இல்லை. நாணுதற்குரிய செயல் என்னுடைய மௌனமே.

நாணம் அறமே, அதனை இடமறிந்து வைத்தல் வேண்டும். நோயுற்றவரிடமிருந்து அதனை நீக்கி, கண்டும் கேளாதிருந்த நம்மிடம் வைப்போமாயின், அடுத்த வீட்டுத் தாயொருத்தி தன் மகளை அழைத்து, “இதைக் கொஞ்சம் பார், பிள்ளை” என்று காலத்தே சொல்லக் கூடும்.