ஆறு வோல்ட்

தென் மிச்சிகன். நவம்பர். ஐந்தரைக்கே இருட்டிவிடுகிறது.

கொட்டகைக்குள் கிரீஸ் வாசனை, உலர்ந்த புல்லின் வாசனை. இரண்டும் கலப்பதில்லை. ஒன்று விட்டு ஒன்று வருகிறது.

டிராக்டர் நிற்கிறது. ஃபோர்டு 8என். மேல் தகடெல்லாம் வெளிர் சாம்பல். எஞ்சினும் அடிவயிறும் சிவப்பு. அந்தச் சிவப்பில் எது பெயிண்ட், எது துரு என்பது விரலால் தடவினால்தான் தெரிகிறது.

விளக்கு இல்லை.

1947 முதல் 1952 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்த வண்டி. டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலாண்ட் பார்க் ஆலை. விளக்கு வேண்டுமென்றால் தனிக் காசு. வாங்காமல் விட்டவர்கள் உண்டு. பொழுது சாய்ந்தால் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம். கொட்டகைக்கு அரிக்கேன்.

இங்கே உத்தரத்தில் ஓர் ஆணி இருக்கிறது. தலை மேல்நோக்கி வளைந்திருக்கிறது. அதற்கு மேலே பலகை கறுத்திருக்கிறது.

பேட்டரி 6 வோல்ட். அதன் நேர்முனை வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கிறது. இப்போதைய வண்டிகளில் சேர்ந்திருப்பது எதிர்முனை. இது தலைகீழ்.

இழை பல்புக்கு அது ஒரு பொருட்டில்லை. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் எரிகிறது. எல்இடிக்குத் திசை உண்டு. மாற்றிக் கொடுத்தால் பேசாமல் இருக்கிறது.

கடைகளில் எல்லாம் 12 வோல்ட். ஜெனரேட்டரைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்து, பேட்டரியையும் பல்பையும் மாற்றிவிடலாம். நிறையப் பேர் மாற்றிவிட்டார்கள். வண்டி நன்றாகத்தான் கிளம்புகிறது. இது மட்டும் ஆறிலேயே இருக்கட்டும் என்று ஏனோ தோன்றுகிறது. தோன்றியதை அப்படியே விட்டாயிற்று.

பழைய விளக்கு ஒரு ஜோடி. ஒவ்வொன்றும் 35 வாட். ஆறால் வகுத்தால் கிட்டத்தட்ட 6 ஆம்பியர். இரண்டுக்கும் 12. இதுவே 12 வோல்ட் வண்டியானால் பாதி போதும். அழுத்தம் குறைந்தால் ஓட்டம் கூடுகிறது. ஓட்டம் கூடினால் ஒயர் தடிக்க வேண்டும். ஒல்லி ஒயரில் வெளிச்சத்தில் ஒரு பங்கு வழியிலேயே சூடாகிப் போய்விடுகிறது.

உறையை உரித்த இடத்தில் செம்பு. புத்தம் புதுசு. இழைகளை முறுக்கும்போது கட்டைவிரல் ரேகைக்குள் ஒன்று ஏறிவிடுகிறது. வலி சிறியது. எங்கே என்று பார்க்க வெளிச்சம் போதவில்லை.

போர்க்காலத்தில் செம்புக்குத் தட்டுப்பாடு. ரப்பருக்கும். 8என்னுக்கு முந்திய 2என் சில காலம் பேட்டரியே இல்லாமல் வந்தது. மேக்னெட்டோ. இரும்புச் சக்கரம். கையால் சுழற்றிக் கிளப்ப வேண்டும். அதன் இரவுகளைப் பற்றி நினைப்பு கொஞ்ச தூரம் போகிறது. திரும்பி வருகிறது.

1938-ல் ஹென்றி ஃபோர்டும் ஹாரி ஃபெர்குசனும் டிராக்டர் செய்யக் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கையெழுத்து கிடையாது. அது முறிந்தபோது வந்தது இந்த வண்டி. பிறகு வழக்கு. 1952-ல் 92.5 லட்சம் டாலர் ஃபெர்குசனுக்குப் போய் முடிந்தது. அவர் வடிவமைத்த இணைப்புக் கைகள் மூன்றும் வண்டிக்குப் பின்னால் இறங்கிக் கிடக்கின்றன.

விளக்குத் தாங்கி உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்ட வேண்டியிருக்கிறது. உப்புத்தாள். முதலில் சாம்பல். அடியில் இன்னொரு சாம்பல். பிறகு பழுப்பு. பிறகு இரும்பு. காசளவு இடம். மின்சுற்று முடிவது இங்கேதான். பல் வாஷர் கடிக்கிறது. நட்டு இறுகும்போது ஒரு முனகல். பிறகு அதுவும் இல்லை.

தகட்டைத் துளைத்து ஒயர் போகும் ஓட்டையில் ரப்பர் வளையம். அது இல்லாவிட்டால் அதிர்கிற ஒவ்வொரு தடவையும் தகட்டின் விளிம்பு உறையை அறுக்கும். வருஷக்கணக்காகும். அவசரம் இல்லாமல் அறுக்கும்.

மூச்சு வெண்மையாகத் தெரிகிறது. ஸ்பேனரின் குளிர் உள்ளங்கையில் தங்கிவிடுகிறது. வெளியே வாத்துக் கூட்டம் போகிறது. சத்தம் மட்டும். தெற்கே.

எஞ்சின் கிளம்பிவிட்டது. சுவிட்சை இழுத்ததும் அம்மீட்டர் முள் இடப்பக்கம் சாய்கிறது. பேட்டரியிலிருந்து போகிறது. விளக்கு மஞ்சள். நேராகப் பார்க்க முடிகிறது. கண் கூசவில்லை.

த்ராட்டிலை இழுக்க இழுக்க முள் நடுவுக்கு வருகிறது. நடுங்கியபடி நிற்கிறது. ஜெனரேட்டர் கொடுப்பதும் விளக்கு எடுப்பதும் இப்போது ஒன்று. இன்னும் கொஞ்சம் இழுத்தால் முள் வலப்பக்கம். மிச்சம் பேட்டரிக்கு. விளக்கு வெளுக்கிறது.

தணித்தால் மஞ்சள். ஏற்றினால் வெளுப்பு. வேறு வேலை எதுவும் இல்லாமல் கை இதையே செய்துகொண்டிருக்கிறது.

சுவரில் இரண்டு வட்டங்கள். 25 அடி தள்ளி வண்டி. சாக்பீஸ் கோடு. இடது வட்டம் சற்று மேலே. திருகைத் தளர்த்தி, தட்டி, இறுக்க வேண்டும். இறுக்கும்போது கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. அந்தக் கொஞ்சத்தையும் கணக்கில் வைத்துத் தட்டினால், இந்தத் தடவை நகரவில்லை.

வண்டி இப்போது கதவைப் பார்த்து நிற்கிறது. கதவு முழுக்கத் திறந்திருக்கிறது. எதிரே அறுவடையான மக்காச்சோள வயல். அடித்தட்டைகள் வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதைவிட நீளமான நிழல். வண்டியின் அதிர்வில் நிழல்களும் அதிர்கின்றன.

பூச்சி எதுவும் வரவில்லை. குளிர்.

வெளிச்சம் முடிகிற இடத்துக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. சற்று முன்பு வரை அங்கே வேலி இருந்தது.

சுவிட்சை உள்ளே தள்ளினால் எல்லாம் கறுப்பு. பிறகு வானம். பிறகு மர வரிசை. வேலி கடைசியில் வருகிறது, கம்பம் கம்பமாக.

மறுபடி இழுத்தால் தட்டைகள்.

எஞ்சினை நிறுத்திய பின்னும் காதில் கொஞ்ச நேரம் ஓடுகிறது. விளக்கின் கண்ணாடியில் உள்ளங்கையை வைக்க முடிகிறது. வெதுவெதுப்பு. இந்தக் கொட்டகையில் இப்போதைக்கு அது ஒன்றுதான் சூடு. எஞ்சினும் உண்டு. அதன் மேல் கை வைக்க முடியாது.

பின் விளக்கு பாக்கி. ரோட்டில் இறங்கினால் சிவப்பு வேண்டும். மெதுவாகப் போகிற வண்டி என்று சொல்லும் ஆரஞ்சு முக்கோணம் ஏற்கெனவே மாட்டியிருக்கிறது. 1960களில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவானது. இருட்டில் அது ஒளிர்வது பின்னால் வருகிறவரின் வெளிச்சத்தில்.

சிவப்புக் கண்ணாடி மேசை மேல் இருக்கிறது. மட்கார்டில் ஓட்டை போடுவதா, இருக்கிற ஒரு போல்ட்டோடு சேர்த்து மாட்டுவதா என்பது முடிவாகவில்லை. போல்ட் என்றால் இன்னும் நீளமாக ஒன்று வேண்டும். கடை திங்கட்கிழமைதான் திறக்கும்.