அலுவலகத்தில் தியானம்: அமைதியும் அறமும்

பிறவித் துன்பத்திலிருந்து விடுதலை பெறுவதற்கென இந்தியச் சமயங்கள் வகுத்துத் தந்த யோகமும் தியானமும், இன்று அலுவலக நேரத்தில், பெரும்பாலும் மனிதவளத் துறையின் ஏற்பாட்டில், வேலைப்பளுவால் வரும் மன அழுத்தத்தைத் தணிக்கும் பயிற்சிகளாகக் கற்பிக்கப்படுகின்றன. இதை மரபுக்கு நேர்ந்த சிதைவு என்று வருந்துவோரும் உண்டு. மடங்களுக்குள் அடைபட்டிருந்தது மக்களை எட்டியிருக்கிறது என்று மகிழ்வோரும் உண்டு. இரு சாராரும் பயிற்சியின் நோக்கம் மாறியதா இல்லையா என்பதையே பேசிக்கொண்டிருப்பதால், அதைவிட அடிப்படையான ஒரு வினா பின்னுக்குத் தள்ளப்பட்டுவிடுகிறது. தன் மூச்சையும் எண்ணங்களையும் கவனிக்கப் பழகும் ஓர் ஊழியர், அதே கவனத்தைத் தான் செய்யும் வேலையின் மீதும், அதைச் செய்யச் சொல்லும் முறையின் மீதும் திருப்பலாமா என்பதே அந்த வினா.

இன்றைய பணியிடத் தியானத்தின் நேரடி மூலம் ஒரு மருத்துவமனை. 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், மூலக்கூறு உயிரியலில் பட்டம் பெற்றவரும் ஜென், விபாசனா ஆகிய பௌத்த மரபுகளில் பயின்றவருமான ஜான் கபட்-ஜின், நாட்பட்ட வலியோடு வாழும் நோயாளிகளுக்காகப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். உடலை உறுப்பு உறுப்பாகக் கவனித்தல், அமர்ந்து மூச்சைக் கவனித்தல், எளிய ஆசனங்கள் ஆகியவற்றைக் கொண்ட அப்பயிற்சி, சமயச் சொற்களைத் தவிர்த்து, இக்கணத்தில் நிகழ்வதை நல்லது கெட்டது என்று தீர்ப்பிடாமல் கவனிப்பதையே மையமாக வைத்தது. மருந்தாலும் அறுவை சிகிச்சையாலும் தீராத வலிக்கு அது ஒரு நேர்மையான உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த மருத்துவமனை நோயாளியின் வலிக்குக் காரணமாக இருக்கவில்லை. இதே முறை 2007-ல் கூகுள் நிறுவனத்தின் ஊழியர் பயிற்சியாக உருமாறியபோதும், 2021-ல் இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் அலுவலகங்களுக்கென ஐந்து நிமிட யோகப் பயிற்சியான 'ஒய்-பிரேக்'கைச் செயலியாக வெளியிட்டபோதும், அமைதியைத் தருபவரும் அமைதி குலையக் காரணமாகக் கூடியவரும் ஒருவரே என்ற புதிய நிலை உருவாயிற்று. அத்தகைய நிலையை எண்ணி எந்தப் பழைய நூலும் எழுதப்படவில்லை.

எனினும் பழைய நூல்களுக்கு இதில் சொல்ல ஏதுமில்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. பதஞ்சலியின் யோக சூத்திரம் யோகத்தை எட்டு உறுப்புகளாகப் பகுக்கிறது. பிறரிடம் ஒழுகும் நெறியாகிய இயமம், தன்னளவில் காக்கும் ஒழுக்கமாகிய நியமம், நிலையான இருக்கையாகிய ஆசனம், மூச்சை நெறிப்படுத்தும் பிராணாயாமம், புலன்களை மீட்கும் பிரத்தியாகாரம், மனத்தை ஓரிடத்தில் நிறுத்தும் தாரணை, அந்நிலை இடையறாது ஒழுகும் தியானம், தன்னை மறந்து ஒன்றும் சமாதி என்பவை அவை. ஏறத்தாழ இருநூறு சூத்திரங்கள் கொண்ட அந்நூலில் ஆசனத்துக்கு மூன்று சூத்திரங்களே ஒதுக்கப்பட்டுள்ளன என்பதைப் பலரும் எடுத்துக்காட்டுவர். அதைவிடக் கருதத்தக்கது, இயமத்தில் அடங்கும் ஐந்து நெறிகளான கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், பொருள் குவிக்காமை ஆகிய யாவும் மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலான உறவைப் பற்றியவை என்பதாகும். ஊழியரின் நேரத்தைக் கூலியின்றி எடுத்துக்கொள்வது களவா, வாடிக்கையாளரிடம் உண்மையை மறைக்கச் சொல்வது வாய்மைக்கு மாறா என்ற கேள்விகள் யோகத்துக்கு வெளியே இருப்பவை அல்ல. பதஞ்சலியின் வரிசைப்படி அவை ஆசனத்துக்கும் முந்தியவை. இதனால் உடல்நலத்துக்காக யோகம் பயில்வது இழிவு என்று ஆகிவிடாது. மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புகளையும் விரித்துப் பேசும் திருமந்திரம், உடம்பு அழிந்தால் மெய்ஞ்ஞானமும் எட்டாது போகும் என்று கருதி, உடலைப் பேணுவதையே ஒரு சாதனமாகக் கொள்கிறது. ஆகவே நலம் நாடுவதைச் சைவ யோக மரபு குற்றமாக எண்ணவில்லை. நலத்தை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு இயமத்தைக் கைவிடுவதற்குத்தான் அங்கே சான்று இல்லை.

பௌத்தத்தில் இந்தப் பிரிவினை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. புத்தர் காட்டிய எண்வகை நெறியில் ஏழாவதாக வருவது நற்கடைப்பிடி, அதாவது உடல், நுகர்ச்சி, மனம், அறக்கூறுகள் ஆகிய நான்கையும் இடைவிடாது விழிப்போடு நோக்குதல். அதற்கு இரண்டு படி முன்னதாக, ஐந்தாவதாக வருவது நல்வாழ்க்கை, அதாவது பிறருக்குத் தீங்கு விளைக்காத தொழிலால் பிழைத்தல். படைக்கலம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தையும் விற்கும் தொழில்களை இல்லறத்தார் விலக்க வேண்டும் என்று பௌத்த நூலான அங்குத்தர நிகாயம் வெளிப்படையாகவே கூறுகிறது. நவீனப் பயிற்சி ஏழாவதை எடுத்துக்கொண்டு ஐந்தாவதை விட்டுவிட்டது. இத்தனைக்கும் எட்டில் பிழைப்பைப் பற்றி நேராகப் பேசுவது அந்த ஐந்தாவது ஒன்றுதான். தீர்ப்பிடாமல் கவனித்தல் என்ற விளக்கமும் மூல மரபோடு முழுமையாகப் பொருந்துவதில்லை. கிரேக்க மன்னன் மிலிந்தனுக்கும் நாகசேனருக்கும் இடையே நடந்த உரையாடலாக அமைந்த மிலிந்த பஞ்ஹ, நன்மை பயப்பது எது, தீமை பயப்பது எது என்று மனத்துக்கு நினைவூட்டி, முன்னதைக் கொள்ளவும் பின்னதைத் தள்ளவும் செய்வதைக் கடைப்பிடியின் தொழிலாகவே சொல்கிறது. பாலி நூல்கள் தவறான கடைப்பிடி என்ற ஒன்றையும் குறிப்பிடுகின்றன; கூர்ந்த கவனம் தன்னளவிலேயே அறம் ஆகிவிடாது என்பதை அவை அறிந்திருந்தன. இது வெறும் ஏட்டுக் கவலை அன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜப்பானிய ஜென் ஆசான்கள் பலர் தங்கள் பயிற்சியை இராணுவத்தின் போர்முயற்சிக்கு ஆதரவாகத் திருப்பியதை, தாமும் ஜென் துறவியான பிரையன் விக்டோரியா 1997-ல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவியிருக்கிறார்.

அலுவலகத்துக்குள் தியானம் நுழையும்போது அறத்தையும் உடன் கொண்டுசெல்ல இயலுமா என்பதற்கு, கபட்-ஜின்னுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்னதாகவே ரங்கூனில் ஓர் அரசு அலுவலகம் விடை தந்திருக்கிறது. பர்மாவின் தலைமைக் கணக்காயர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த ஊ பா கின், 1937-ல் சாயா தெட்ஜி என்ற இல்லறத்து ஆசானிடம் விபாசனா பயின்று, நாடு விடுதலை பெற்ற 1948 சனவரி 4 அன்று அதே அலுவலகத்தின் தலைமைப் பதவியை ஏற்றார். 1950-ல் அங்குப் பணியாற்றியவர்களுக்கென ஒரு விபாசனா சங்கத்தையும், 1952-ல் நகரில் ஒரு தியான மையத்தையும் அமைத்தார். ஒரே காலத்தில் பல அரசுத் துறைகளின் பொறுப்பைச் சுமந்தபடியே அவர் கற்பித்த பயிற்சியில், தியானத்தில் அமர்வதற்கு முன் கொல்லாமை, கள்ளாமை, பிறழ்காமம் இன்மை, பொய்யாமை, கள்ளுண்ணாமை ஆகிய ஐந்து சீலங்களையும் ஏற்க வேண்டும் என்ற மரபான விதி தளர்த்தப்படவில்லை. பொதுப்பணத்தைத் தணிக்கை செய்யும் ஓர் அலுவலகத்தில் கள்ளாமையும் பொய்யாமையும் அவரவர் சொந்த ஒழுக்கமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. கையொப்பமிடும் ஒவ்வொரு கோப்பிலும் அவை சோதிக்கப்படுகின்றன. அங்கே தியானமும் தொழிலும் ஒரே கேள்விக்கு உட்பட்டிருந்தன. மேலதிகாரியே குருவாகவும் அமரும் இடத்தில் கீழ்நிலை ஊழியர் எவ்வளவு விருப்பத்தோடு கண்மூடி அமர்ந்திருப்பார் என்ற ஐயம் எழுவது நியாயமே. அந்த ஐயம் இன்றைய நிறுவன வகுப்புகளுக்கும் அப்படியே பொருந்தும்.

ஊ பா கின்னின் நிலைப்பாட்டைத் தெளிவாக்கும் நிகழ்ச்சி ஒன்றை அவருடைய மாணவர் ச. நா. கோயங்கா பலமுறை சொல்லியிருக்கிறார். 1924-ல் மண்டலேயில் பிறந்து இளம் வயதிலேயே பெருவணிகரான கோயங்கா, மார்பின் ஊசி போட்டுக்கொள்ளும் அளவுக்குக் கடுமையான ஒற்றைத் தலைவலியால் துன்புற்று, அதற்குத் தீர்வு தேடி அவரை அணுகியபோது, தலைவலியைப் போக்குவதற்காக என்றால் சேர்த்துக்கொள்ள இயலாது என்று ஊ பா கின் மறுத்துவிட்டார். மனத்தின் மாசுகளைக் களைவதே பயிற்சியின் நோக்கம் என்றும், நோய் தணிந்தால் அது உடன்விளைவாக அமையட்டும் என்றும் அவர் சொன்னதை ஏற்ற பின்னரே, 1955-ல் கோயங்காவுக்கு இடம் கிடைத்தது. தலைவலியும் நீங்கிற்று, பின்னர் 1969-ல் இந்தியா வந்த அவர், 1976-ல் இகத்புரியில் மையம் தொடங்கி அம்முறையைப் பரப்பினார். அந்த மறுப்பில் நோயாளியின் மீதான இரக்கமின்மை எதுவும் இல்லை. நிவாரணத்தையே இலக்காகக் கொண்டவர், வலி குறைந்ததும் பயிற்சியை நிறுத்திவிடுவார். வலியை வளர்த்த வாழ்க்கைமுறை, வணிகத்தின் வெறியும் செருக்கும் உட்பட, ஆராயப்படாமலேயே எஞ்சிவிடும். இன்றைய நிறுவனம் ஊ பா கின்னின் இடத்தில் இருந்தால், தலைவலியோடு வந்தவரை மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொண்டு, வேறு கேள்வி கேட்டு வருபவரைத்தான் திருப்பி அனுப்பும்.

தமிழகத்திலும் இதற்கு ஓர் இணை உண்டு. 1911-ல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து நெசவுத் தொழிலை நடத்தியவரான வேதாத்திரி மகரிஷி, உழைத்து வாழும் இல்லறத்தாருக்கென வகுத்த மனவளக்கலையில், தியானத்துக்கும் உடற்பயிற்சிக்கும் இணையாக அகத்தாய்வு என்ற தற்சோதனையை வைத்தார். எண்ணத்தை ஆராய்தல், ஆசையைச் சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று செல்லும் அப்பகுதியை நீக்கிவிட்டுத் தியானத்தை மட்டும் கற்பதை அவர் முழுமையான பயிற்சியாகக் கருதவில்லை.

நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் பகவத்கீதை பயன்படும் விதத்தையும் இங்கே கருத வேண்டும். பலனில் பற்றின்றிக் கடமையைச் செய்தல், செயலில் திறம் காட்டுதலே யோகம் என்ற இரு கருத்துகளும் அவ்வகுப்புகளில் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. பலனைத் தாமே வைத்துக்கொள்பவர்கள் பிறருக்குப் பற்றின்மையைப் போதிப்பதில் உள்ள வேடிக்கை அங்கே யாரையும் உறுத்துவதில்லை. செய்யுமாறு தனக்கு விதிக்கப்பட்ட வேலை சரியானதுதானா என்று அருச்சுனன் ஐயுற்று வில்லைக் கீழே வைப்பதிலிருந்துதான் கீதையின் உபதேசமே பிறக்கிறது. அவனுடைய ஐயங்களுக்கு அந்நூல் இடம் தருகிறது. எல்லாம் சொல்லி முடித்த பின்னும், முழுமையாக ஆராய்ந்து விரும்பியவாறு செய் என்று முடிவை அவனிடமே விடுகிறது. வில்லைக் கீழே வைக்கும் உரிமையை ஊழியருக்கு மறுத்துவிட்டு, எடுத்து எய்ய வேண்டிய பகுதியை மட்டும் போதிப்பது கீதையாகாது.

அறிவியல் ஆய்வுகளும் ஏறத்தாழ இதே இடத்துக்கே வந்து சேர்கின்றன. 3,515 பேரை உள்ளடக்கிய 47 சோதனைகளைத் தொகுத்து 2014-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழொன்றில் வெளியான ஆய்வு, தியானம் பதற்றத்தையும் மனச்சோர்வையும் வலியையும் ஓரளவு குறைப்பதாகவும், உடற்பயிற்சி, மருந்து போன்ற பிற சிகிச்சைகளைவிட மேலானது என்பதற்குச் சான்றில்லை என்றும் கண்டது. மறுபுறம், பிரித்தானிய அரசு ஊழியர்களை 1967 முதல் தொடர்ந்து ஆராய்ந்த வைட்ஹால் ஆய்வுகள், படிநிலையில் கீழே செல்லச் செல்ல இதயநோய் இறப்பு கூடுவதைக் காட்டின. வேலையின் நெருக்கடி மிகுந்தும் அதன் மீது தனக்குள்ள அதிகாரம் குறைந்தும் இருக்கும்போதுதான் அழுத்தம் கடுமையாகிறது என்று 1979-ல் ஆய்வாளர் ராபர்ட் காரசெக் விளக்கினார். பௌத்த சூத்திரம் ஒன்று கூறும் இரண்டு அம்புகளின் உவமை இவ்விரு உண்மைகளையும் இணைக்க உதவும். உடலில் பட்ட முதல் அம்பின் வலியோடு, அதை எண்ணிப் புலம்பும் மனம் தனக்குத் தானே இரண்டாவது அம்பையும் பாய்ச்சிக்கொள்கிறது. பயின்றவருக்கு முதல் அம்பு மட்டுமே உண்டு. தியானம் இரண்டாவது அம்பைத் தடுக்கிறது என்பதையே சோதனைகள் உறுதிசெய்கின்றன. முதல் அம்பு எங்கிருந்து வருகிறது என்பதை வைட்ஹால் ஆய்வுகள் காட்டுகின்றன. அலுவலகத்தில் அதை எய்பவருக்கு முகவரி உண்டு. பிரித்தானியாவின் 233 நிறுவனங்களில் 46,336 ஊழியர்களின் விடைகளை ஆராய்ந்து ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஃபிளெமிங் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், தனியாள் நலத் திட்டங்களில் பங்கேற்றவர்கள் பங்கேற்காதவர்களைவிட நலமாக இருந்ததாகப் பெரும்பாலும் தெரியவில்லை என்பது இதனோடு பொருந்துகிறது.

அறத்தைப் பிரித்த தியானம் போதாது என்ற இந்த வாதத்துக்கு ஒரு மறுப்பு உண்டு. அரைகுறையாகக் கற்றாலும் தியானம் தன் வேலையைச் செய்துவிடும், மனம் தெளிந்தவர் தாமாகவே கேள்வி கேட்பார் என்பது அது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. சிறிது நேரத் தியானம் அலுவல் சார்ந்த பணிகளில் ஈடுபடும் ஊக்கத்தைக் குறைத்ததாக ஹாஃபன்பிராக், வோஸ் ஆகிய இருவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வேலையின் தரம் குறையவில்லை. அதைச் செய்தே தீர வேண்டும் என்ற துடிப்புத்தான் தணிந்தது. ஆசையே துன்பத்தின் வேர் என்று கொள்ளும் மரபுக்கு இதில் வியப்பேதும் இருக்க முடியாது. ஆயினும் ஐந்து நிமிட இடைவேளையில் பிறக்கும் தெளிவு, பேசுவதற்கு இடமில்லாத அலுவலகத்தில் பணிவிலகலாகவோ மௌனமாகவோ முடியுமே தவிர, சீர்திருத்தமாக வளராது.

வேலைச் சோர்வை 2019-ல் பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் விளக்கிய உலகச் சுகாதார நிறுவனம், அதை ஒரு நோயாக அன்றிப் பணிசார்ந்த நிகழ்வாகவே குறித்தது. பணியிட மனநலம் குறித்து 2022-ல் அது வெளியிட்ட வழிகாட்டுதல்களிலும் பணிச்சூழலை மாற்றும் நடவடிக்கைகளே முதலில் வைக்கப்பட்டு, தனியாள் பயிற்சிகள் பின்னர் இடம்பெறுகின்றன. யோக வகுப்பு நடத்த முன்வரும் நிறுவனங்கள் அதே வரிசையைப் பின்பற்றி, வேலை நேரம், ஆள் பற்றாக்குறை, செய்யச் சொல்லப்படும் செயல்களின் நேர்மை ஆகியவற்றை ஊழியர்கள் அச்சமின்றிப் பேசும் அமர்வு ஒன்றை அவ்வகுப்போடு சேர்த்து நடத்த வேண்டும். வகுப்பில் சேர்வதையும் சேராதிருப்பதையும் ஊழியரின் விருப்பத்துக்கே விட வேண்டும்.